கூடாரம் டீச்சர் பதில்கள்

(கடலூரில் அரசுப் பள்ளி விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சாரணியர் முகாம்களில் பிள்ளைகளுக்குக் கூடாரம் அடிக்கக் கற்றுக்கொடுத்தவர். கடலோரத்தில் கூடாரம் போட்டுத் தங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். ஜூலையில் நாங்கள் போகும்போது கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவில் கடலோரமாகக் கூடாரத்தில் மூன்று இரவு தங்குவதற்கு முன்பதிவு செய்துவிட்டான். கரன்ட் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது, கடையும் கிடையாதாம். எனக்கு 61 வயது, வீட்டுக்காரருக்கு 67. "இங்கே கரன்ட் போனாலே உனக்குத் தூக்கம் வராது, அங்கே போய் என்ன செய்யப் போறே?" என்று கேலி செய்கிறார். போகலாமா?
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: தாராளமாகப் போங்கள். அந்த இடத்தில் என் மகள் குடும்பத்தோடு நான் தங்கியிருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். வீட்டுக்காரரையும் விடாமல் இழுத்துக்கொண்டு போங்கள். கேலி செய்கிறவர்கள்தான் அங்கே போனதும் நாற்காலியைக் கடலைப் பார்த்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள்.

முதலில் தூரத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் என்ற சின்ன ஊருக்கு வடக்கே சுமார் 1,250 கிலோமீட்டர். மகன் காரில் கூட்டிப்போகப் போகிறானா, விமானத்திலா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். காரென்றால் வழியில் ஒரு இரவாவது எங்காவது தங்கியே ஆகவேண்டும். சாயங்காலத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், இருட்டும் நேரத்தில்தான் கங்காரு சாலையில் குறுக்கே பாயும். எக்ஸ்மவுத்திலிருந்து முனையைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்கு இறங்கினால் பூங்கா. ஒரு பக்கம் சிவந்த சுண்ணாம்புக்கல் குன்று, மறுபக்கம் நிங்கலூ பவளத்திட்டு. 2011-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் அது. பவளப்பாறையைப் பார்க்க மற்ற ஊர்களில் படகேறி நடுக்கடலுக்குப் போவார்கள். இங்கே சில இடங்களில் கரையிலிருந்து இறங்கி நீந்தினாலே வந்துவிடும்.

இப்போது தண்ணீர். குடிக்க, சமைக்க, வாய் கொப்பளிக்க, ஏதோ கொஞ்சம் பாத்திரம் அலச, எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வையுங்கள். மகன், மருமகளோடு நாலு பேர். மூன்று இரவு என்றால் நாலு பகல். ஆக 80 லிட்டர், நம் வீட்டு வாசலில் வந்து இறக்குகிறார்களே, அந்த 20 லிட்டர் கேன் கணக்கில் நாலு கேன். "போற வழியில வாங்கிக்கலாம்மா" என்று மகன் சொன்னால் நம்பாதீர்கள். எக்ஸ்மவுத்தை விட்டால் வழியில் ஒன்றும் இல்லை. குளியலை மறந்துவிடுங்கள். கடலில் முங்கி எழுந்து, ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டால் போதும். தட்டைக் கழுவும் முன் காகிதத்தால் வழித்துத் துடைத்துவிட்டால் தண்ணீர் பாதிக்குப் பாதி மிச்சம்.

கழிப்பறை இருக்கிறது, உட்காருகிற வகைதான், ஃப்ளஷ் மட்டும் இல்லை. நாம் பயந்த அளவுக்கு நாற்றமும் இல்லை. ஆனால் உள்ளே தண்ணீர்க் குழாய் கிடையாது என்பதால் ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள். இதை உங்கள் மகன் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டிருப்பான்.

அடுத்தது முழங்கால். கூடாரப் பயணத்தில் நம் வயதுக்காரர்களைப் படுத்துவது இருட்டோ பூச்சியோ இல்லை, தரையிலிருந்து எழுந்திருப்பதுதான். மடக்குக் கட்டில் கிடைக்கும், ஆளுக்கு ஒன்று வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ சொல்லுங்கள். நிமிர்ந்து நிற்கிற உயரமுள்ள கூடாரமாகவும் கேளுங்கள். குனிந்து நுழைகிற சின்னக் கூடாரம் வாலிபப் பிள்ளைகளுக்கு. ஜூலை அங்கே குளிர்காலம். பகலில் நம் மார்கழி வெயில் மாதிரி இதமாக இருக்கும், ராத்திரி நன்றாகவே குளிரும். ஸ்வெட்டர், காலுறை, காதை மூட ஒரு ஸ்கார்ஃப், மூன்றும் கட்டாயம். செருப்பைக் கூடாரத்துக்கு வெளியே விட்டால் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள்.

சாமான் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது கொடுக்கிற படிவத்தில், பையில் இருக்கிற தின்பண்டம் ஒன்று விடாமல் எழுதிவிடுங்கள். இட்லிப்பொடி, சாம்பார்ப்பொடி, ஊறுகாய் எதுவானாலும் சரி. எழுதினால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் எடுத்து வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால்தான் அபராதம், அதுவும் வலிக்கிற அபராதம். பச்சைக் கறிவேப்பிலையைத் துணிக்குள் சுருட்டி எடுத்துப்போகும் வேலை வேண்டவே வேண்டாம். பெர்த்தில் நம் கடைகள் இருக்கின்றன.

மற்றபடி, நாம் கடலிலிருந்து சூரியன் கிளம்புவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அங்கே அது கடலுக்குள் இறங்கும். இருட்டியதும் அண்ணாந்து பாருங்கள். நம்மூரில் தெற்கே சாய்ந்து தெரிகிற விருச்சிகம், ஜூலை இரவில் அங்கே உச்சிக்கு நேராக வந்து நிற்கும். கொக்கி மாதிரி வளைந்த வாலை ஒரு நட்சத்திரம் விடாமல் எண்ணலாம். திமிங்கிலம் அந்தக் கரையோரமாக வடக்கே போகிற மாதமும் அதுதான். தூரத்தில் வெள்ளையாக நீர் பீய்ச்சினால் அலை என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் கல்லூரி நண்பர்கள் ஆறு பேர். வெளிநாட்டில் எல்லாம் தேசியப் பூங்காவிலேயே கடற்கரைக் கூடாரம் போடுகிறார்கள். நம் தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரையிலோ சாமியார்பேட்டையிலோ ஒரு இரவு டென்ட் போட்டால் என்ன? யாரும் கேட்பார்களா?
– ஒரு மாணவர், கடலூர்

பதில்: கேட்பார்கள் தம்பி. கேட்கவும் வேண்டும்.

அங்கே டென்ட் போடுவது என்றால் கடற்கரையில் கிடைத்த இடத்தில் விரிப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி இல்லை. எண் போட்ட இடம் இருக்கும், அதற்குள்தான் கூடாரம். மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்து, பணம் கட்டி, அந்த எண்ணைக் காட்டினால்தான் தங்கலாம். மணல்மேட்டில் ஏறக்கூடாது, நாய் கூடாது, விறகு மூட்டக்கூடாது. அவ்வளவு காலியாகக் கிடக்கிற கடற்கரையில் அவ்வளவு சட்டம். கடற்கரை இன்னும் காலியாகவே கிடப்பதற்கும் அந்தச் சட்டம்தான் காரணம்.

நம் மாவட்டத்தில் தேசியப் பூங்கா இல்லை. தமிழ்நாட்டில் கடலோடு சேர்ந்த தேசியப் பூங்கா என்றால் மன்னார் வளைகுடாதான். 1986-இல் அறிவித்தது, ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள். அந்தத் தீவுகளில் இறங்கவே நமக்கு அனுமதி இல்லை, அப்புறம் எங்கே தங்குவது? கோடியக்கரை சரணாலயத்துக்குப் பகலில் போய் வெளிமானும் நீர்ப்பறவையும் பார்த்துவிட்டு வரலாம், நீங்களாக டென்ட் போட முடியாது. பிச்சாவரம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம். படகில் சுற்றிவிட்டுக் கரையேறிவிட வேண்டும். புதுச்சேரிப் பக்கம் சுண்ணாம்பாறு பாரடைஸ் கடற்கரையும் பகல் நேரத்துக்குத்தான்.

இனி வெள்ளி கடற்கரை. ராத்திரி அங்கே போலீஸ் ரோந்து வரும், எழுப்பி அனுப்புவார்கள். அதை விடு. நீ காலி மணல் என்று நினைக்கிற இடம் மீனவர்களின் வேலைக்களம். படகை ஏற்றி நிறுத்தவும், வலை உலர்த்தவும், விடியுமுன் மூன்று மணிக்கு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போகவும் அந்த மணல்தான் வேண்டும். நடுவில் உன் நைலான் கயிறு இழுத்துக்கட்டி நிற்குமா? இருட்டில் ஒருத்தர் தடுக்கி விழுந்தால் அன்றைய தொழில் போச்சு.

ஆசை இருக்கிறதா, ஒழுங்கான வழி இருக்கிறது. புதுச்சேரி, கடலூர் கரையோரம் சொந்த நிலத்தில் டென்ட் போட்டு வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேள்: பஞ்சாயத்து அனுமதி இருக்கிறதா, ராத்திரி காவலுக்கு ஆள் உண்டா, கழிப்பறை எத்தனை பேருக்கு ஒன்று. மூன்றாவது கேள்விக்குத் திணறினால் வேறு இடம் பார். குப்பத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லி, சவுக்குத் தோப்புச் சொந்தக்காரரிடம் கேட்டுத் தங்குவது இன்னும் நல்லது. எங்கள் சாரணியர் முகாமை அப்படித்தான் நடத்தினோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் ராத்திரி இரண்டு தரம் டார்ச்சோடு வந்து, "எல்லாம் சரியா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் வருவார் என்பதாலேயே பிள்ளைகள் சத்தமில்லாமல் படுத்துவிடும்.

கேள்வி: மணலில் முளை நிற்கவே மாட்டேன் என்கிறது. அடித்த முளை காற்று வந்ததும் பிடுங்கிக்கொண்டு வருகிறது. வழி உண்டா?
– ஒரு வாசகர், அரியாங்குப்பம்

பதில்: டென்ட்டோடு கொடுக்கிற பென்சில் தடிமன் கம்பி மண் தரைக்கு ஆனது. மணலுக்கு அது கதைக்கு ஆகாது. அகலமாக, நீளமாக, மணலுக்கென்றே தகட்டு முளை விற்கிறது. அது கிடைக்காவிட்டால் முளையை மறந்துவிட்டு மூட்டையைப் புதையுங்கள்.

எப்படி என்றால், காலி சிமென்ட் சாக்கை நாலாக வெட்டி நாலு சின்னப் பையாகத் தைத்துக்கொள்ளுங்கள். பாதிவரை மணலை அள்ளிப் போட்டு, வாயைக் கட்டி, அந்தக் கழுத்திலேயே கூடாரக் கயிற்றை முடியுங்கள். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். மேல் மணல் சரசரவென்று சரியும். நாலு கை அள்ளியதும் கருத்த ஈர மணல் வரும், குழியின் சுவர் சரியாமல் நிற்கும். அதுவரை போனால்தான் கணக்கு. பையைப் படுக்கவைத்து, கயிறு கூடாரத்தை நோக்கிச் சாய்வாக ஏறும்படி குழியின் ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்கால் கீறுங்கள். கயிறு செங்குத்தாக மேலே வந்தால் பை கிளம்பிவிடும், சாய்வாக வந்தால் முன்னால் இருக்கிற மணல் முழுவதும் தாங்கும். மூடிவிட்டுக் காலால் மிதியுங்கள், ஒரு குவளைத் தண்ணீரும் ஊற்றுங்கள், கடல் தண்ணீர் போதும். பை இல்லையா, கை நீளத்துக்கு ஒரு சவுக்குக் கட்டையை நடுவில் கட்டிக் குறுக்கே புதைத்தாலும் நிற்கும். காலையில் கிளம்பும்போது மணலைக் கொட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடவேண்டும். புதைத்துவிட்டு வரக்கூடாது.

வாசல் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். கடலைப் பார்த்து வாசல் வைக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. காற்று கடலிலிருந்து அடித்தால் கூடாரம் பலூனாக ஊதிக்கொண்டு எந்த முளையையும் பிடுங்கும். சித்திரை, வைகாசியில் இங்கே சோழகக் காற்று தெற்கிலிருந்து பிடிக்கும், மார்கழி, தையில் வாடை வடக்கிலிருந்து. அன்றைக்கு எது என்று கரையில் நிற்கிற படகுக்காரரைக் கேட்டால் வானத்தைக்கூடப் பார்க்காமல் சொல்வார். காற்றுக்கு முதுகைக் காட்டுங்கள், கடலைத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

நெல்லிக்குப்பம் அம்மாவுக்கும் இதில் ஒரு குறிப்பு. கேப் ரேஞ்சில் கூடாரம் போடுகிற இடம் நம் கடற்கரை மாதிரிப் பொலபொலவென்று இருக்காது. இறுகிய தரை, அலுமினிய முளை அடித்தால் வளைந்துவிடும். தடித்த இரும்பு முளையும் நல்ல சுத்தியலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: அலை எதுவரை ஏறும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நள்ளிரவில் தண்ணீர் கூடாரத்துக்குள் வந்துவிடாதா?
– ஒரு வாசகி, பரங்கிப்பேட்டை

பதில்: பரங்கிப்பேட்டைக்காரர் என்னைக் கேட்கிறீர்களே! சரி, எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

கடற்கரையில் நடந்தால் கோடு கோடாகக் குப்பை ஒதுங்கியிருக்கும். தண்ணீரை ஒட்டி இருப்பது இன்றைய கோடு: ஈரப் பாசி, நுரை, உயிருள்ள சிப்பி. அதற்கு மேலே காய்ந்த கோடு ஒன்று: வெளுத்த சிப்பி, தெர்மாகோல் துண்டு, அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு. அதுதான் போன பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ தண்ணீர் வந்து நின்ற இடம். அதற்கும் மேலே, ராவணன் மீசையும் அடும்புக்கொடியும் வேர் பிடித்துப் படர்ந்திருந்தால் கடல் அங்கே சாதாரணமாக வருவதில்லை என்று அர்த்தம். அந்தச் செடிக்கும் பின்னால்தான் கூடாரம். செடியின் மேலே போடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அது.

நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், அதனால் நமக்குக் கொஞ்சம் அலட்சியம். வேறு ஊர்க் கடலில் இந்தப் பழக்கத்தோடு இறங்கக்கூடாது. அதே மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்னும் வடக்கே புரூம் என்ற ஊரில் தண்ணீர் 9 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், மூன்று மாடி உயரம். எங்கே போனாலும் அந்த ஊர் ஏற்ற வற்ற அட்டவணையை முதல் வேலையாகப் பாருங்கள். ஆற்று முகத்துவாரத்து மணல்திட்டில் மட்டும் எந்த ஊரிலும் படுக்காதீர்கள். கெடிலமும் பெண்ணையாறும் கடலில் சேருகிற இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், போன வருஷத்துத் திட்டு இந்த வருஷம் இருக்காது.

கேள்வி: வளர்ப்பு நாயைக் கூட்டிப்போகலாமா?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: தேசியப் பூங்காவுக்கா? கூடாது.

கேள்வி: விறகு மூட்டாமல், சுற்றி உட்கார்ந்து பாடாமல் கேம்ப் என்ன கேம்ப்? நீங்கள் பேசுவதைக் கேட்டால் பள்ளிக்கூடத்து அசெம்பிளி மாதிரி இருக்கிறது.
– ஒரு வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பாடுவதை யார் வேண்டாம் என்றார்கள்? பக்கத்துக் கூடாரத்துக்காரர் தூங்கும்வரை பாடுங்கள்.

விறகு விஷயத்தில் நான் அசெம்பிளி டீச்சர்தான். கடற்கரையில் நெருப்பு போட்டவர்கள் கிளம்பும்போது தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள். பார்வைக்கு அணைந்த மாதிரி இருக்கும். மணலுக்கடியில் கங்கு மணிக்கணக்காகக் கனன்றுகொண்டே இருக்கும், மேலே புகைகூட வராது. காலையில் அந்த வழியே வெறுங்காலோடு ஓடி வருகிற குழந்தை அதில்தான் கால் வைக்கும். உள்ளங்கால் வெந்த பிள்ளையை ஒரு தடவை மடியில் வைத்திருந்தால் நீங்களும் இப்படித்தான் பேசுவீர்கள். மூட்ட அனுமதி உள்ள இடத்திலும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை மேலே காட்டிச் சூடு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

கேப் ரேஞ்ச் போன்ற பூங்காக்களில் விறகு நெருப்பே கூடாது, கேஸ் அடுப்புதான். கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கே போய் வாங்குங்கள். நம் பக்கத்தில் சவுக்குத் தோப்புக்குள் தீ வேண்டவே வேண்டாம். உதிர்ந்து கிடக்கிற சவுக்குச் சருகு ஒரு பொறிக்குக் காத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: தை, மாசியில் கடலூர் கரையில் ஆமை முட்டையிட வருமாமே. கூடாரம் போட்டுக் காத்திருந்து பார்க்க ஆசை. பிள்ளைகளுக்கும் காட்டலாம் இல்லையா?
– ஒரு வாசகி, முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியதுதான். காட்டுகிற விதம் வேறு.

வருவது பங்குனி ஆமை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் கரையில் ஏறும். இருட்டிய பிறகு வரும், குழி தோண்டிச் சுமார் 100 முட்டை இட்டு, மூடி, உடம்பால் தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். ஏறி வரும்போது வெளிச்சம் பட்டாலோ ஆள் நடமாட்டம் தெரிந்தாலோ முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். நீங்கள் கூடாரம் போட்டு, விளக்கை மாட்டி, "வருதா, வருதா" என்று காத்திருக்கும் இடத்துக்கு அது வராது. சுமார் 50 நாள் கழித்துக் குஞ்சு பொரிந்து வெளியே வந்தால் கடல்தான் அதற்கு வெளிச்சமான திசை. கரையில் அதைவிடப் பெரிய வெளிச்சம் இருந்தால் அந்தப் பக்கம் தவழ்ந்துபோய்ச் செத்துவிடும்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. முட்டையைத் தொடுவதும் ஆமை மேல் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுப்பதும் குற்றம். படம் எடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்த அப்பாவைத் திட்டியும் இருக்கிறேன்.

வனத்துறை முட்டைகளைச் சேகரித்துக் கம்பிவேலிக்குள் புதைத்துக் குஞ்சு பொரிக்கவைத்துக் கடலில் விடுகிறது. மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டு, குஞ்சு விடுகிற நாளில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். உள்ளங்கையில் பாதி அளவுகூட இருக்காது, ஆனால் அலை அடித்துப் புரட்டிப் போட்டால் நிமிர்ந்து மறுபடியும் கடலைப் பார்த்தே நடக்கும். என் பேத்தி ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனியாக டாட்டா சொன்னதில் நாங்கள் கிளம்ப ரொம்ப நேரம் ஆகிவிட்டது.

நிங்கலூவிலும் ஆமை முட்டையிடும், நவம்பரிலிருந்து மார்ச் வரை. ஜூலையில் போகிறவர்கள் நீருக்கடியில் பார்த்தால்தான் உண்டு.

கேள்வி: மழைக்காலத்தில் கூட்டம் குறைவு என்று ஐப்பசியில் போகத் திட்டமிடுகிறோம். சரிதானே?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: பண்ருட்டியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா ஐயா? தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது உங்கள் ஊர் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது மறந்துபோச்சா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைத் தொட்டு, அங்கேயே நின்று கொட்டிய மழை நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலோரம் கூடாரம் வேண்டாம். ஜனவரி பாதிக்கு மேல் மார்ச் வரை நல்ல காலம், ஆமை ஏறாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் எண் என்ன என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் மூட்டையைக் கட்டுங்கள். இடி மின்னலுக்கும் அதே பதில்தான், உடனே கூடாரத்தை விட்டுக் கட்டடத்துக்கோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். வெட்டவெளி மணலில் உயரமாக நிற்பது கூடாரத்துக் கம்பிதான்.

வெளிநாடு என்றாலும் புயல் புயல்தான். எக்ஸ்மவுத் பக்கம் புயல் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. 1999 மார்ச்சில் வான்ஸ் என்ற புயல் அந்த வட்டாரத்தில் மணிக்கு 267 கிலோமீட்டர் வேகத்தில் வீசியிருக்கிறது. டிக்கெட் மலிவு என்று பிப்ரவரியில் கிளம்புகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: கடலில் குளிக்க எது நல்ல இடம் என்று பார்த்ததும் கண்டுபிடிக்க முடியுமா? அலை இல்லாமல் அமைதியாக இருக்கிற இடம்தானே?
– ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: அதுதான் ஆபத்தான இடமாக இருக்கக்கூடும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்து, நடுவில் மட்டும் ஒரு பட்டை உடையாமல் கருத்துக் கிடந்தால், கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் வேகமாக உள்ளே திரும்பிப் போகிறது. இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக்கூடாது, எப்பேர்ப்பட்ட நீச்சல்காரரும் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்தபிறகு அலையோடு சேர்ந்து கரைக்கு வரவேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை ஆட்டிக் கூப்பிடுங்கள். நிங்கலூவில் டர்க்காய்ஸ் பே என்று பெயர்பெற்ற இடத்திலும் நீரோட்டம் ஆளைப் பவளத்திட்டின் இடைவெளி வழியாக வெளிக்கடலுக்குக் கொண்டுபோய்விடும். கரையில் பலகை வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்துக் குதிக்கும் முன் பலகையைப் படியுங்கள்.

கேள்வி: இரண்டு மூன்று நாளைக்கு ஃப்ரிட்ஜ் இல்லாமல் என்ன சாப்பிடுவது? வெறும் பிரெட்டும் ஜாமுமா?
– ஒரு வாசகி, சிதம்பரம்

பதில்: முதல் நாளுக்குப் புளிச்சோறு. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, புளிக்காய்ச்சலை நன்றாகச் சுண்டவைத்துக் கிளறியது. காய்ச்சலைத் தனியாகப் பாட்டிலில் எடுத்துப்போய் அன்றன்று சோறு வடித்துக் கிளறுவது இன்னும் நல்லது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி மறுநாள் மதியம் வரை தாங்கும். தேங்காய்ச் சட்னியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த நாள்களுக்கு வறுத்த ரவை: உப்புமாவுக்குத் தண்ணீரும் கேஸும் குறைவு, ஒரே பாத்திரம். பாசிப்பருப்பும் அரிசியும் மிளகும் கலந்து வறுத்துப் பொட்டலமாகக் கட்டிவைத்தால் குக்கரில் போட்டவுடன் பொங்கல். வெங்காயம், எலுமிச்சை, உருளைக்கிழங்கு மூன்றும் எந்த வெயிலையும் தாங்கும்.

மீன் பிடித்துச் சமைக்கலாம் என்று கனவு காணாதீர்கள். நிங்கலூவில் மீன்பிடிக்கவே கூடாத பகுதிகள் நிறைய இருக்கின்றன. எது எங்கே என்று வரைபடம் பார்க்காமல் தூண்டில் போட்டால் வம்பு. நம் பக்கம் தங்குகிறவர்களுக்குக் கவலையே இல்லை, விடிகாலையில் துறைமுகத்துக்குப் போனால் படகு கரை சேரும்போதே சங்கராவோ வஞ்சிரமோ கைக்கு வந்துவிடும். அங்கேயே கழுவி வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், கூடாரத்து வாசலில் செதில் சீவினால் ஊர் நாயெல்லாம் உங்களோடுதான் தங்கும்.

ராத்திரி சாப்பாட்டுப் பையை மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்து, காரில் பூட்டிவிடுங்கள். கார் இல்லாவிட்டால் உயரமாகக் கட்டுங்கள். கூடாரத்துக்குள் தின்பண்டம் இருக்கக்கூடாது, எறும்பும் நண்டும் எலியும் துணியைக் கிழிக்கும். ஜிப்பில் மணல் ஏறி மக்கர் பண்ணினால் இழுத்து மல்லுக்கட்டாமல், பழைய பிரஷ்ஷால் தட்டிவிட்டு மெழுகுவர்த்தியை மேலும் கீழும் தேயுங்கள், சரசரவென்று ஓடும். மெழுகுவர்த்தியைக் கொளுத்தக் கூடாது, தேய்க்க மட்டும்தான், லாஸ்பேட்டை வாசகர் கவனிக்க.